சினம் தணிந்த தெய்வங்கள்



கோலாலம்பூரில் 1873ஆம் ஆண்டு தோன்றிய மகா மாரியம்மன் கோயிலானாலும், கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் நம்மவர் லயத்தோரம் எழுப்பிய சிறு கோயிலானாலும், அம்மனுக்கு நாம் படைப்பவை ஒன்றுதான்: வேப்பிலை, மஞ்சள்நீர், கூழ், இளநீர். எல்லாம் குளிர்ச்சிப் பொருள்கள். அம்மன் கோபக்காரி, அவளைக் குளிர்விக்க வேண்டும் என்பது நம் நம்பிக்கை.

கோபம் கொண்டு தெய்வமானவள் கண்ணகி. கூத்திலும், 1964இல் வந்த 'பூம்புகார்' படத்திலும் அவள் கதையை நம்மில் பலர் பார்த்ததுண்டு. பொற்கொல்லன் சொன்ன பொய்யை நம்பி, விசாரிக்காமலே கோவலனைக் கொல்விக்கிறான் பாண்டியன். அரசியின் சிலம்பில் முத்து. தன் சிலம்பில் மாணிக்கம் என்று கண்ணகி உடைத்துக் காட்டியதும் அரியணையிலேயே உயிர் விடுகிறான். வழக்கு அதோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை, மதுரை எரிந்தது. முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடு என்று தீக்கு அவள் கட்டளையிட்டாளாம். பழி வாங்கும்போதும் ஆள் பார்த்தாள்!

அவளுக்குப் பின் வந்தவர்கள் அப்படிப் பார்க்கவில்லை. பாண்டிய நாட்டில் மழை பொய்த்து, வெப்புநோயும் கொப்புளநோயும் பரவியபோது, கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டு அவளைச் சாந்தப்படுத்தினான் என்று சிலப்பதிகாரத்தின் முன்னுரைப் பகுதி கூறுகிறது. பொய் சொன்னவன் ஒருவன். மற்றவர்கள் செய்த குற்றம் என்ன? நூல் அதைப் பற்றிப் பேசவில்லை.

கிரேக்கரிடமும் இத்தகைய தெய்வங்கள் உண்டு. எரினியஸ் என்பது அவர்கள் பெயர். பெற்றவரைக் கொன்றவனை ஓட ஓட விரட்டுவது அவர்கள் வேலை. தந்தையைக் கொன்ற தாயை ஒரெஸ்டிஸ் என்ற இளைஞன் கொன்றுவிடுகிறான். அவர்கள் அவனைத் துரத்துகிறார்கள். கி.மு. 458இல் ஈஸ்கிலஸ் என்ற புலவர் இதை நாடகமாக்கினார். அதில் ஏதென்ஸ் நகரத் தெய்வமான அதீனா ஒரு நீதிமன்றம் அமைக்கிறாள். வாக்குகள் சரிபாதியாகின்றன; ஒரெஸ்டிஸ் விடுதலையாகிறான். வெகுண்ட தெய்வங்கள் நாட்டைப் பாழாக்கப் போவதாக மிரட்டுகின்றன. அதீனா சண்டையிடவில்லை. பொறுமையாகப் பேசி, இந்நாட்டிலேயே தங்குங்கள், உங்களுக்கு இடமும் பூசையும் உண்டு என்கிறாள். அவர்களும் இணங்குகிறார்கள்.

அஞ்சத்தக்க அத்தெய்வங்களைக் கிரேக்கர் 'அருளுடையோர்' என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தனர். நாமும் நோயின் பெயரைச் சொல்வதில்லை. "அம்மா வந்திருக்கிறாள்", "முத்துப் போட்டிருக்கிறது" என்போம் அல்லவா?

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் குடியேறிய இலங்கைத் தமிழர்களின் தாயகத்திலும் கண்ணகி வழிபாடு உண்டு. சிங்களவர் அவளையே பத்தினித் தெய்வம் என்பர். மட்டக்களப்பு வட்டாரத்தில் வைகாசித் திங்களில் கண்ணகியம்மன் சடங்கு நடைபெறும். அதன் முடிவு நாளில் 'குளிர்த்தி' பாடி அம்மனைக் குளிர்விப்பார்கள். எடுத்த எடுப்பிலேயே குளிர்விப்பதில்லை. அதற்கு முந்திய நாள்களில் ஏட்டைப் பிரித்து, அரசன் முன் அவள் வழக்குரைத்த கதையைப் படிக்க, ஊரே அமர்ந்து கேட்கும்.