வெள்ளம் வடிந்த வீட்டில் பூசணம்

2005-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் அமெரிக்காவின் தென்கரையைத் தாக்கிய கத்ரீனாச் சூறாவளியால் நியூ ஆர்லியன்ஸ் நகரின் வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்தன. நகரின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியது. இது நாம் அறிந்த செய்தி. நீர் வடிந்தபின் அவ்வீடுகளுக்கு நேர்ந்ததை நம்மில் பலர் அறியோம்.

நனைந்த பொருள்களை 24 முதல் 48 மணி நேரத்திற்குள் உலர்த்தாவிடில் பூசணம் பிடிக்கத் தொடங்கும். அந்நகரிலோ நீரை இறைத்து முடிக்கவே ஆறு வாரங்களாயின. மக்கள் ஊர் திரும்ப இயலவில்லை. பூட்டிய வீடு, புழுக்கம், ஈரம்: பூசணத்திற்கு வேறென்ன வேண்டும்? அக்டோபரில் நகரிலும் சுற்றுப்புறத்திலும் 112 வீடுகளை நலத்துறையினர் ஆய்ந்தபோது, 46 விழுக்காட்டு வீடுகளில் அது கண்ணுக்குத் தெரிந்தது.

அங்குள்ள சுவர்கள் பெரும்பாலும் செங்கல்லும் சாந்துமன்று. மரச்சட்டங்களின்மேல், இருபுறமும் தாள் ஒட்டிய ஜிப்சம் பலகையை அறைந்திருப்பர். அத்தாளே பூசணத்திற்கு உணவு. விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் பலகை நீரை மேலிழுக்குமாதலால், வெள்ளம் நின்ற கோட்டிற்கு மேலும் சுவர் கெட்டிருக்கும். பிளீச்சிங் கரைசலைத் தெளித்து, வண்ணம் பூசிவிட்டால் போதுமென்று எண்ணியவர் உண்டு. கண்ணாடியிலும் பீங்கான் ஓட்டிலும் அக்கரைசல் பயன்படும். பலகையினுள் ஆழ இறங்காது. (அதனை அம்மோனியாவுடன் கலந்தால் நச்சுவாயு எழும்.) மேலும், செத்த பூசணமும் ஒவ்வாமை தரும். எனவே அது எவ்வகைப் பூசணம் என்று சோதிக்கப் பணம் செலவிடுவது வீண் என்பதே நம் கருத்து. எவ்வகையாயினும் அகற்றத்தான் வேண்டும்.

ஆகவே வீடுகளை எலும்புக்கூடாக உரித்தனர். பல மாநிலங்களிலிருந்து பங்கு மக்களும் மாணவரும் தொண்டர்களாக வந்து, என்-95 முகக்கவசம் அணிந்து பலகைகளைப் பெயர்த்தனர். ஆஸ்துமா நோயாளரும் குழந்தைகளும் அவ்வேளையில் உள்ளே இருத்தலாகாது.

பலகையைப் பெயர்ப்பதினும் கடினமானது ஒன்றிருந்தது. மெத்தை, புத்தகம், திருமணப் படத்தொகுப்பு எல்லாம் தெருவோரத்தில் குவிந்தன. நனைந்த நிழற்படத்தை உடனே நன்னீரில் அலசி உலர்த்தலாம்; இயலாவிடில் உறைபெட்டியில் வைத்துப் பின்னர் மீட்கலாம். வாரக்கணக்கில் ஊருக்கு வெளியே இருந்தவர்க்கு அவ்வாய்ப்பு ஏது? தாயின் ஒரே படத்தைக் குப்பையில் இடுமாறு ஒரு முதியவரிடம் எவ்வாறு சொல்வது?

உரித்தபின்னும் பொறுமை வேண்டும். மரச்சட்டம் தொடுவதற்கு உலர்ந்திருப்பினும் உள்ளே ஈரம் நிற்கும். ஈரமானி வைத்துப் பார்த்த பின்னரே புதுப் பலகை அறைய வேண்டும். அவசரப்பட்டு மூடிய சுவரை மறுபடியும் பெயர்க்க நேரிடும்.