மணிக்கட்டில் கட்டும் ஜி.பி.எஸ். கடலுக்கு ஆகுமா?

ஆன்லைனில் ‘ஜி.பி.எஸ். வாட்ச்’ என்று தேடினால் ஓடுகிறவர்களுக்கு ஒன்று, மலை ஏறுகிறவர்களுக்கு ஒன்று என்று வரிசையாக வரும். விலை கூடுதலாக இருக்கும் பக்கத்தில் கோல்ஃப் வாட்ச் நிற்கும். கடலூரிலும் சிதம்பரத்திலும் கோல்ஃப் ஆடுகிறவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ ஊருக்கு வருகிறவர் மச்சானுக்கென்று இப்படி ஒன்றை வாங்கி வருவதும், “இதில்தான் ஜி.பி.எஸ். இருக்கே, படகுக்கு எடுத்துட்டுப் போலாமா?” என்று மச்சான் கேட்பதும் நடக்கக்கூடியதுதான். தேவனாம்பட்டினத்திலோ முடசல்ஓடையிலோ ஃபைபர் படகு வைத்திருப்பவருக்கு இது நியாயமான கேள்வி.

ஆகாது என்பதுதான் பதில். வாட்ச் மட்டம் என்பதால் அல்ல, அது வேறொரு வேலைக்குச் செய்யப்பட்டது என்பதால்.

ஜி.பி.எஸ். கருவி எதுவாக இருந்தாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ‘இப்போது மணி இவ்வளவு, நான் இருக்கும் இடம் இது’ என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தச் சேதி வந்துசேர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்துக் கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. நான்கு செயற்கைக்கோள் கிடைத்தால் போதும், நாம் இருக்கும் இடம் தெரிந்துவிடும். 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பிவந்தது. அதை நிறுத்திய பிறகுதான் இது சாதாரண மனிதர்களுக்கு உருப்படியாக உதவத் தொடங்கியது. வானம் திறந்திருக்கும் இடத்தில் இன்று 5 மீட்டர் அளவுக்குத் துல்லியம் கிடைக்கும். கடலைவிடத் திறந்த வானம் வேறெங்கும் இல்லை. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டின் குறுகலான வாய்க்கால்களில்தான் இலைக்கூரை மறைத்து எண்கள் தாவும். அங்கே உள்ளூர்ப் படகோட்டியின் கண்ணை நம்புவது மேல்.

ஆக, கருவி சொல்வது ‘நீ இங்கே இருக்கிறாய்’ என்பதை மட்டும். அங்கிருந்து இன்னோர் இடம் எவ்வளவு தூரம் என்று சொல்ல, அந்த இன்னோர் இடமும் கருவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோல்ஃப் வாட்ச்சின் விலையில் பெரும்பகுதி இதற்குத்தான். உலகெங்கும் உள்ள பல்லாயிரம் கோல்ஃப் மைதானங்களின் வரைபடங்களை நிறுவனமே அளந்து உள்ளே ஏற்றித் தருகிறது. ஆடுகிறவர் நிற்கும் இடத்திலிருந்து குழி இருக்கும் புல்தரையின் முன்விளிம்பு, நடு, பின்விளிம்பு ஆகிய மூன்றுக்கும் தூரம் திரையில் வந்துவிடும். குழி வெட்டும் இடத்தை மைதானக்காரர்கள் அடிக்கடி மாற்றுவார்கள் என்பதால் வாட்ச்சுக்குக் குழி சரியாக எங்கே என்று தெரியாது. கொடியைத் திரையில் நகர்த்தி வைத்துக்கொள்ளும் வசதி சிலவற்றில் உண்டு. கோல்ஃபுக்கென்றே வாங்குகிறவர் பார்க்க வேண்டியதும் இவைதான்: தான் ஆடும் மைதானம், சென்னையோ ஊட்டியோ, பட்டியலில் இருக்கிறதா, ஒரு முழு ஆட்டத்துக்குப் பேட்டரி தாங்குமா. 2019 முதல் தூரம் அளக்கும் கருவியைக் கோல்ஃப் விதி அனுமதிக்கிறது. ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் வசதியை மட்டும் போட்டியில் அணைத்துவிட வேண்டும்.

கடலில் உங்களுக்காக யாரும் எதையும் அளந்து ஏற்றி வைத்திருக்கவில்லை. மீன் படும் பார், வலை போட்ட இடம், வலையைக் கிழிக்கும் மூழ்கிய படகு, திரும்பி நுழைய வேண்டிய முகத்துவாரம் எல்லாவற்றையும் நீங்களேதான் குறிக்க வேண்டும். அதனால் கடலுக்கு வாங்கும் கருவியின் முதல் தகுதி, பாயிண்ட் போடுவதும் பெயர் வைப்பதும் மறுபடி எடுப்பதும் ஈரக் கையால் செய்யும்படி இருக்கிறதா என்பதே.

முன்பு இந்தப் பாயிண்ட்டெல்லாம் தலைக்குள் இருந்தது. கரையில் ஒரு கோபுரமும் ஒரு பனந்தோப்பும் ஒரே கோட்டில் வரும்போது நிறுத்து, வடக்கே இன்னொரு ஜோடி சேர்ந்தால் அதுதான் இடம் என்ற கணக்கு. சிதம்பரம் கோயிலின் நான்கு கோபுரங்கள் பாய்மரக் காலத்துக் கப்பல்காரர்களுக்கும் அடையாளமாக இருந்தவை. ஆனால் அந்தக் கணக்குக்கு எல்லை உண்டு. ஏறத்தாழ 40 மீட்டர் உயரக் கோபுரம், கரையிலிருந்து 12, 13 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. படகில் நிற்பவர் கண்ணுக்குப் பூமியின் வளைவு அதை மறைக்காமல் இருப்பது கரையிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் வரை. அதுவும் பனியோ மழையோ இல்லாத நாளில். அதற்கு அப்பால் போகிறவருக்குத்தான் கருவி அவசியமாகிறது.

பாயிண்ட்டை ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கும்போது நடக்கும் குழப்பம் ஒன்று உண்டு. கருவியைக் குறை சொல்லும் பலர் உண்மையில் இதில் சிக்கியவர்கள். ஒரே இடத்தை மூன்று விதமாக எழுதலாம். டிகிரியும் நிமிடமும் மட்டும் எழுதினால் 11°42.50'. டிகிரி, நிமிடம், விநாடி என்றால் 11°42'30". வெறும் டிகிரியாக எழுதினால் 11.7083°. மூன்றும் கடலூர் முதுநகர்ப் பக்கத்து அதே இடம்தான். இப்போது ஒருவர் வாக்கி டாக்கியில் “பதினொண்ணு, நாப்பத்திரண்டு, அம்பது” என்கிறார். கேட்டவர் 50-ஐ விநாடி என்று நினைத்து ஏற்றினால் 600 மீட்டருக்கு மேல் வடக்கே தள்ளிப்போவார். மீன் இல்லை, அவ்வளவுதான் நஷ்டம். 11.4250 என்று டிகிரியாக ஏற்றிவிட்டால்? 31 கிலோமீட்டர் தெற்கே, பிச்சாவரத்துக்கு நேர் கிழக்கே போய் நிற்க வேண்டியிருக்கும்.

கருவியின் செட்டிங்ஸில் ‘பொசிஷன் ஃபார்மட்’ என்ற இடத்தில் டிகிரி-நிமிட வகையை ஒருமுறை வைத்துவிட்டு, கூட்டாளிகள் எல்லோரும் அதையே வைத்துக்கொள்வது நல்லது. டிகிரி-நிமிடத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. வடக்கு தெற்காக 1 நிமிடம் என்பது ஏறத்தாழ 1 நாட்டிகல் மைல், அதாவது 1,852 மீட்டர். முதுநகர் 11°42', பரங்கிப்பேட்டை ஏறத்தாழ 11°30'. கழித்தால் 12. கடல் வழியே 12 நாட்டிகல், சுமார் 22 கிலோமீட்டர். மனக்கணக்கே போதும். அதே பக்கத்தில் ‘டேட்டம்’ என்றும் ஒன்று இருக்கும். அதில் டபிள்யூ.ஜி.எஸ். 84 இருந்தால் தொட வேண்டாம்.

வாங்கும்போது பேட்டரியை முதலில் கேளுங்கள். வாட்ச்சில் ஜி.பி.எஸ். தொடர்ந்து ஓடினால் பல ரகங்கள் ஒரு பகலைத் தாண்டுவதற்கே திணறும், நடுக்கடலில் சார்ஜ் போட வழியும் இல்லை. கையடக்கக் கருவியில் பென்சில் பேட்டரி இரண்டை மாற்றிப் போட்டால் வேலை முடிந்தது. கார்மின் ஈட்ரெக்ஸ் 10 போன்றவை ஒரு ஜோடியில் 25 மணி நேரம் வரை ஓடும் என்று நிறுவனம் சொல்கிறது. அது தண்ணீருக்குத் தாங்கும், ஆனால் மிதக்காது. அதே நிறுவனத்தின் ஜி.பி.எஸ். மேப் 78 ரகம் கை நழுவி விழுந்தாலும் மிதக்கும். சின்னப் படகுக்கு நான் மிதப்பதைத்தான் சொல்வேன், விலை கூடினாலும். பெட்டியில் ஐ.பி.எக்ஸ். 7 என்று போட்டிருந்தால் 1 மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். உப்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை, கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுவது உங்கள் வேலை. தொடுதிரை வேண்டாம். உப்புத் துளி பட்டால் அது தானாகவே எதையாவது அமுக்கிக்கொள்ளும். வண்ண வரைபடம், இதயத் துடிப்பு, பாட்டு எல்லாம் கடலுக்குத் தேவையற்ற செலவு. விசைப்படகில் கருவியும் எக்கோ சவுண்டரும் ஒரே பெரிய திரையில் வருவது வேறு கணக்கு, அதற்குப் படகின் பேட்டரியே மின்சாரம் தரும்.

இனி பயன்படுத்துவது. படகைத் தள்ளும் முன் கரையிலேயே கருவியைப் போட்டுவிடுங்கள். பல நாள் அணைத்துக் கிடந்த கருவி செயற்கைக்கோள்களைத் தேடிப் பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். முதல் பாயிண்ட்டை வீட்டுக்கு எதிரே மணலில் போடாமல் முகத்துவாரத்துக்கு வெளியே, ஆழமான தண்ணீரில் போடுங்கள். கருவி எப்போதும் நேர்கோடுதான் போடும். நடுவில் மணல்மேடு இருக்கிறதா, கல் கொட்டிய தூண்டில் வளைவு இருக்கிறதா என்று அதற்குக் கவலை இல்லை. வெள்ளாற்று வாயில் மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். போன வருஷம் பதிவு செய்த ட்ராக்கில் இந்த வருஷம் இருட்டில் நுழைவது, பழைய குழியைப் பார்த்துப் பந்து அடிக்கிற கதைதான். மழைக்காலம் முடிந்து ஒருமுறை, ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் முடிந்து ஒருமுறை, பகலில் மெதுவாகப் போய்ப் புது ட்ராக் எடுத்துவைப்பது அவசியம். பாயிண்ட்டுக்குப் பெயர் வைக்கும்போது ஆழத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ‘பார் 12 பாகம்’ என்பதுபோல. 001, 002 என்று விட்டால் ஆறு மாதம் கழித்து எது எது என்று யாருக்கும் தெரியாது.

திரையில் திசையைக் காட்டும் இரண்டு எண்கள் இருக்கும். ‘பேரிங்’ என்பது போக வேண்டிய திசை, ‘ட்ராக்’ என்பது படகு உண்மையில் போய்க்கொண்டிருக்கும் திசை. இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் காற்றோ நீரோட்டமோ தள்ளுகிறது என்று அர்த்தம். ஐப்பசி, கார்த்திகையில் நம் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி இழுக்கும். கரையிலிருந்து 10 நாட்டிகல் தூரத்தில் நிற்கிறீர்கள், 6 நாட் வேகத்தில் திசைகாட்டியைப் பார்த்து நேர் மேற்கே ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். கரை சேர 1 மணி 40 நிமிடம் ஆகும். 1 நாட் நீரோட்டம் அதற்குள் படகை 3 கிலோமீட்டர் தெற்கே கொண்டுபோயிருக்கும். திரையில் அம்பு காட்டும் பக்கமே மூக்கைத் திருப்பிக்கொண்டு வந்தாலும் போய்ச் சேரலாம், ஆனால் வளைந்து வளைந்து வருவதால் எண்ணெய் கூடச் செலவாகும். ட்ராக் எண், பேரிங் எண்ணோடு சேரும்வரை படகின் மூக்கைக் கொஞ்சம் வடக்கே பிடித்து ஓட்டுவதுதான் சரி. இன்னொன்று: உள்ளே மின்னணுத் திசைகாட்டி இல்லாத கருவிக்குப் படகு நகர்ந்தால்தான் திசை தெரியும். நங்கூரம் போட்டு நிற்கும்போது அம்பு சுற்றினால் பழுது என்று நினைத்துக் கடைக்கு ஓட வேண்டாம்.

கைபேசியைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டரில் டவர் போய்விடும், ஆனால் ஜி.பி.எஸ். போகாது. போவது வரைபடமும் வாட்ஸ்அப்பும்தான். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘ஃபிஷர் ஃபிரண்ட்’ செயலியை நீர்புகாத உறையில் போட்ட ஒரு போனில் வைத்துக்கொண்டால் இரண்டாவது கருவியாக உதவும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம், கடலின் வெப்பத்தையும் பாசியின் அளவையும் செயற்கைக்கோள் மூலம் பார்த்து மீன் கூடும் இடங்களை அறிவிக்கிறது. அதில் வரும் எண்களைக் கருவியில் ஏற்றும்போது மேலே சொன்ன எழுதும் முறையை மறக்காதீர்கள்.

ஜி.பி.எஸ். கருவியோ வாட்ச்சோ சிக்னலைக் கேட்கும், பேசாது. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கரையில் யாருக்கும் அது சொல்வதில்லை. 2017 நவம்பரில் ஒக்கிப் புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேராமல் போன பிறகே இதற்கு வழி தேடுவது வேகமெடுத்தது. இஸ்ரோ தொழில்நுட்பத்தில் இருவழியாகச் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டரை 1 லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. உங்கள் படகுக்கு உண்டா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். அதற்குப் பதிலாக வெளிநாட்டிலிருந்து சாட்டிலைட் போனோ சாட்டிலைட் மெசேஞ்சரோ வாங்கி வரச் சொல்லாதீர்கள். உரிமம் இல்லாமல் அவற்றை இந்தியாவில் வைத்திருப்பது குற்றம், விமான நிலையத்திலேயே பிடித்துவிடுவார்கள். மச்சானுக்கு வாங்கி வந்தேன் என்பது அங்கே எடுபடாது.

ஆபத்தில் டவர் கிடைக்கும் தூரத்தில் இருந்தால் கடலோரக் காவல்படைக்கு 1554. வி.ஹெச்.எஃப். இருந்தால் 16ஆம் சேனல். வடக்கு எண்ணை முதலில், கிழக்கு எண்ணை அடுத்து, ‘டிகிரி’, ‘பாயிண்ட்’, ‘நிமிடம்’ என்ற சொற்களோடு நிறுத்தி இரண்டு முறை சொல்லுங்கள். ஆள் தண்ணீரில் விழுந்துவிட்டால் அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது, கடல் கருவிகளில் இருக்கும் ‘மேன் ஓவர்போர்டு’ பொத்தானை அமுக்குவது. விழுந்த இடம் அந்த நொடியில் பாயிண்டாகப் பதிந்து, அம்பு அதை நோக்கித் திரும்பிவிடும். எந்தப் பொத்தான் என்று கரையிலேயே படகில் வரும் அத்தனை பேருக்கும் காட்டிவையுங்கள். விழுகிறவர் கருவி வைத்திருப்பவராகவும் இருக்கலாம்.