விவிலியத் தியானம்

விவிலியத் தியானம் என்பது கிறித்தவத் திருநூலின் ஒரு சிறு பகுதியை மெதுவாகவும் திரும்பத் திரும்பவும் வாசித்து, அதன் பொருளை உள்ளத்தில் நிறுத்தி, அதனையே இறைவேண்டலாக ஆக்கிக்கொள்ளும் பழக்கம் ஆகும். தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபையினர் இதனைப் பெரும்பாலும் வேத தியானம் என்பர். நோய், இழப்பு, வறுமை, சிறைவாசம் போன்ற இடர்க்காலங்களில் மன அமைதி நாடிப் பலர் இதனை மேற்கொள்கின்றனர். தமிழகத்தில் இப்பழக்கத்தை இந்திய ஆசிரம வாழ்வோடு இணைத்த முன்னோடி முயற்சிகளுள் ஒன்று, சவ்வாது மலைக்கு மேற்கே உள்ள திருப்பத்தூரில் தோன்றியது.

சொற்பொருள்

தியானம் என்றவுடன் எண்ணங்களை ஒடுக்கி அமர்ந்திருப்பதே பலருக்கு நினைவுக்கு வரும். விவிலியம் குறிப்பிடுவது அதுவன்று. முதலாம் திருப்பாடலில் வரும் எபிரேயச் சொல்லான 'ஆகா' என்பதற்கு முணுமுணுத்தல், தாழ்ந்த குரலில் ஓதுதல் என்று பொருள். எசாயா நூலில் இரையின்மேல் நின்று உறுமும் சிங்கத்துக்கும், துயருற்று முனகும் புறாவுக்கும் இதே சொல் ஆளப்பட்டுள்ளது. ஆகவே இது வாயும் செவியும் சேர்ந்து செய்யும் செயலாகும்; மனத்தை வெறுமையாக்குவதைவிட, அதனை ஒரு வாக்கியத்தால் நிரப்புவதே இதன் நோக்கம். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இவ்விடத்தில் 'தியானம்' என்ற சொல்லும், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் 'சிந்தித்தல்' என்ற சொல்லும் இடம்பெறுகின்றன. அதுபோலவே 'சாலோம்' என்ற எபிரேயச் சொல் முன்னதில் 'சமாதானம்' என்றும் பின்னதில் 'அமைதி' என்றும் பெரும்பாலும் பெயர்க்கப்பட்டுள்ளது. மூலச்சொல் நலம், நிறைவு ஆகியவற்றையும் உள்ளடக்கியது.

முறை

12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இரண்டாம் கீகோ என்ற துறவி இதனை வாசிப்பு, தியானம், வேண்டல், ஆழ்நிலை நோக்கு என்னும் நான்கு படிகளைக் கொண்ட ஏணியாக விளக்கினார். 16ஆம் நூற்றாண்டில் இஞ்ஞாசியார், நற்செய்திக் காட்சிக்குள் வாசகர் தாமே நிற்பதாக எண்ணிக்கொள்ளும் முறையைப் பரப்பினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ஏடு, மறைநூல் வாசிப்பைப் பொதுமக்களுக்கும் பரிந்துரைத்தது. நடைமுறையில் படிகளின் எண்ணிக்கையைவிட வாசிக்கும் வேகமே முதன்மையானது. ஓர் அதிகாரத்தை முடிப்பதைக் காட்டிலும் ஒரே வசனத்தில் தங்குவதே இங்கு வாசிப்பு எனப்படுகிறது.

இடர்க்காலமும் புலம்பற் பாடல்களும்

துன்பத்தில் இருப்போர் ஆறுதல் மொழிகளை மட்டுமே தேடுவர் என எண்ணுவது இயல்பு. ஆனால் 150 திருப்பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்களாகும். அவை முறையிடுகின்றன, கடவுளைக் கேள்வி கேட்கின்றன, பகைவரைச் சபிக்கவும் செய்கின்றன. பெரும்பாலானவை இறுதியில் நம்பிக்கைக்குத் திரும்புகின்றன. 88ஆம் திருப்பாடல் அவ்வாறு திரும்பாமல் இருளிலேயே முடிகிறது. அதனையும் தொகுப்பாளர்கள் நீக்கவில்லை. சிலுவையில் இயேசு 22ஆம் திருப்பாடலின் தொடக்கத்தைச் சொன்னதாக மத்தேயுவும் மாற்கும் எழுதியுள்ளனர். தன் துயரத்துக்குச் சொல் கிடைக்காதவருக்கு முன்பே எழுதப்பட்ட சொற்களைக் கடனாகத் தருவதே இப்பாடல்களின் பயன் எனலாம். எருசலேமின் அழிவைப் பாடும் புலம்பல் நூலின் முதல் நான்கு அதிகாரங்கள் எபிரேய அகரவரிசையில் அமைந்துள்ளன. அளவற்ற துயருக்கும் அங்கே ஒரு வரம்பு தரப்பட்டுள்ளது.

தமிழில்

சீகன்பால்க் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சிடப்பட்டது. பின்னர் விவிலியத்தைத் தமிழில் பெயர்த்த பப்ரிசியஸ், 1740இல் இந்தியா வந்தவர். முதுமையில் கடன் காரணமாகச் சிறைப்பட்ட அவர், 1791இல் சென்னையில் இறந்தார். துயருற்றோர் ஓதும் திருப்பாடல்களைத் தமிழாக்கியவரே துயரில் வாழ்ந்தார் என்பது கருதத்தக்கது. எழுத்தறியாத மக்களிடம் விவிலியக் கருத்துகள் பெரிதும் கீர்த்தனைகள் வழியாகவே சென்று சேர்ந்தன.

கிறித்துகுல ஆசிரமம்

அன்றைய வட ஆற்காடு மாவட்டத்துத் திருப்பத்தூரில் 1921இல் சவரிராயன் ஏசுதாசனும், இசுக்காட்லாந்தைச் சேர்ந்த எர்னசுட்டு பாரசுட்டர் பேட்டனும் இவ்வாசிரமத்தை நிறுவினர். இருவரும் மருத்துவர்கள், மணம் புரியாதவர்கள். இனவேறுபாடு மிகுந்திருந்த காலத்தில் ஓர் இந்தியரும் ஓர் ஐரோப்பியரும் உடன்பிறந்தோராக ஒரே கூரையின்கீழ் கதராடை அணிந்து வாழ்ந்தது அன்று எளிய செய்தியன்று. ஆசிரமத்தின் செபக்கூடம் திராவிடக் கோயிற்கட்டடக் கலையைத் தழுவிக் கோபுரத்துடன் எழுப்பப்பட்டது. வழிபாட்டுடன் மருத்துவப் பணியும் நடைபெற்றது.

இது உலகை விட்டு ஒதுங்கிய அமைதியாக இருக்கவில்லை. 1932இல் சென்னையில் அயல்நாட்டுத் துணிக்கடை மறியல் நடந்த இடத்தில் பேட்டன் காவலர்களால் தாக்கப்பட்டார்; அவர்மீது நிறநீரும் பீய்ச்சப்பட்டது. இந்நிகழ்வு பிரித்தானிய நாடாளுமன்றத்திலும் எழுப்பப்பட்டது. ஏசுதாசன் 1937இல் ஆசிரமங்களின் பழமையும் புதுமையும் குறித்து ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார்.

பயனும் வரம்பும்

அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமெண்டு, சமயம் சார்ந்து இடரை எதிர்கொள்ளும் வழிகளை ஆராய்ந்து 1997இல் நூலாக்கினார். கடவுளைத் துணையாகக் கருதுவோருக்கு அது ஆற்றல் தருவதையும், துன்பத்தைக் கடவுள் விதித்த தண்டனையாகக் கருதுவோருக்கு வேதனையைக் கூட்டக்கூடும் என்பதையும் அவர் வேறுபடுத்திக் காட்டினார். எனவே எந்தப் பகுதி வாசிக்கப்படுகிறது என்பதுடன், எவ்வாறு பொருள்கொள்ளப்படுகிறது என்பதும் முக்கியமாகிறது. கடும் மனச்சோர்வு நோய்க்கு இது மருத்துவத்தின் மாற்று ஆகாது. திருப்பத்தூரில் செபக்கூடமும் மருத்துவமனையும் ஒரே ஆசிரமத்தின் பகுதிகளாகவே இயங்கின.