உதிரித் திராட்சையும் பூரண உருண்டையும்

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. பிற இடங்களில் ஆண்டின் சில மாதங்களில் மட்டுமே கிடைக்கும் இத்திராட்சை, நமது பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் அறுவடையாகின்றது. இப்பெருமையோடு ஒரு சங்கடமும் சேர்ந்தே இருக்கின்றது. பன்னீர் திராட்சை சாறு மிகுந்தது, விதையுள்ளது, நெடுநாள் தாங்காதது. குலையினின்று கழன்ற உதிரிப் பழங்கள் கூடையின் அடியில் தங்கிவிடுகின்றன. சுவையில் அவற்றுக்குக் குறைவில்லை. ஆயினும் வாங்குவோர் குலையையே கேட்கின்றனர். இவ்வுதிரிப் பழத்தை வீணாக்காமல், சங்கத்தின் மகளிர் ஓர் உபதொழிலாகச் செய்யத்தக்க இனிப்பு ஒன்றை இக்கட்டுரை விளக்குகின்றது.

பிரெஞ்சு நாட்டார் சாக்லேட்டையும் பாலேட்டையும் கலந்து உருட்டி, மேலே கோகோத் தூளைத் தூவி, 'ட்ரஃபிள்' என்னும் பண்டத்தைச் செய்வர். மண்ணுக்குள் விளையும் ஒருவகைக் காளானைப் போன்ற தோற்றம் உடையதால் அப்பெயர் வந்தது. அதனைச் சூட்டடுப்பில் வைத்து வேகவைக்க வேண்டுவதில்லை. சிலர் அதனுள் பழக்கூழை மறைத்து வைப்பதும் உண்டு. நமக்கு இது முற்றிலும் புதியதன்று. கொழுக்கட்டைக்குள் பூரணம் வைப்பதையும், மாலாடு பிடிப்பதையும் அறியாத வீடு நம்மிடம் இல்லை. இவ்விரண்டையும் இணைத்தால் நமது பூரண உருண்டை கிடைத்துவிடும்.

ஆனால், பிரெஞ்சு முறையை அப்படியே பின்பற்றுவது நமக்கு ஒவ்வாது. சாக்லேட்டிலுள்ள கோகோக் கொழுப்பு ஏறத்தாழ 34 பாகை வெப்பத்தில் உருகிவிடும். சித்திரை வெயிலில் குளிர்சாதனப் பெட்டியின்றி அவ்வுருண்டை நிலைக்காது. ஆதலின் பொட்டுக்கடலை மாவை அடிப்படையாகக் கொள்வதே தகும். நெய் இளகினாலும் மாவு அதனைத் தாங்கி நிற்கும். கோகோத் தூள் மணத்திற்கும் நிறத்திற்கும் மட்டுமே சேர்க்கப்படும். கோகோ தென்னந்தோப்பு நிழலில் ஊடுபயிராக வளர்வது. கோகோவும் பாக்கும் பயிரிடும் விவசாயிகளின் கூட்டுறவு நிறுவனமாகிய கேம்ப்கோ, 1973-இல் மங்களூரில் தோன்றி, 1986-இல் புத்தூரில் சொந்தமாகச் சாக்லேட் ஆலையையே நிறுவியது. விளைபொருளை விற்பதோடு நில்லாமல் பண்டமாக்குவதும் கூட்டுறவாளர்க்கு இயலும் என்பதற்கு அது சான்று.

நீரே பகை

இப்பண்டத்தின் வெற்றி தோல்வி முழுவதும் ஒன்றைப் பொறுத்தது; அது பூரணத்திலுள்ள நீர். ஈரமான பொருளும் உலர்ந்த பொருளும் ஒட்டியிருந்தால், ஈரம் உலர்ந்ததை நோக்கி நகரும். நெசவாளர் இதனை நன்கு அறிவர். கஞ்சியிட்ட பாவு மழைநாளில் காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுப்பதில்லையா? அவ்வாறே பச்சைத் திராட்சையை மாவுக்குள் வைத்தால், இரண்டொரு நாளில் மாவு நெகிழ்ந்து பூஞ்சை பிடிக்கும். உருண்டை அதன்பின் நெருப்பைக் காண்பதில்லை ஆகையால், கிருமிகளை அழிக்க வேறு வாய்ப்பும் இல்லை. எனவே திராட்சையின் நீரை முன்னதாகவே வற்றச் செய்யவேண்டும். எஞ்சும் நீரைச் சர்க்கரை பிணைத்துவைக்கும். பழத்தின் இயற்கைப் புளிப்பு சர்க்கரை மணலாகப் பூத்துவிடாமல் காக்கும்.

செய்முறை

கூடையில் கழன்ற பழமே வேண்டும். தரையில் விழுந்ததும், வெடித்ததும், புளித்த வாடை வீசுவதும் ஆகா. மருந்து தெளித்தபின் காத்திருக்கவேண்டிய நாட்கள் கடந்த பந்தலின் பழமாக இருத்தலும் இன்றியமையாதது.

அரைக் கிலோ பழத்தை நன்கு கழுவி, நீர் சேர்க்காமல் எவர்சில்வர் பாத்திரத்தில் தோல் வெடிக்கும்வரை வேகவிடுக. பழத்தின் புளிப்பு இரும்பு, அலுமினியப் பாத்திரங்களை அரிக்கும், அவற்றைத் தவிர்க்கவும். வெந்ததை மசித்துச் சல்லடையில் தேய்த்தால் விதையும் தோலும் நீங்கி, சுமார் 350 கிராம் கூழ் கிடைக்கும். அதில் 150 கிராம் சர்க்கரையிட்டு, சிறு தீயில் இடைவிடாது கிளறுக. மொத்தம் 500 கிராம் இருந்தது 250 கிராம் ஆகும்வரை, அதாவது சரிபாதியாகும்வரை, வற்றவேண்டும். வெறும் பாத்திரத்தின் எடையை முன்பே குறித்துக்கொண்டால் இதனைத் தராசில் சரிபார்ப்பது எளிது. கண் மதிப்பை நம்பலாகாது. சூட்டில் இளகித் தோன்றுவது ஆறியபின் இறுகிவிடும். ஆறிய பூரணத்தை 5 கிராம் அளவுள்ள 50 சிறு குண்டுகளாக உருட்டிக் கோகோத் தூளில் புரட்டி வைக்கவும்.

மேல்மாவுக்குப் பொட்டுக்கடலை மாவு 300 கிராம், பொடித்த சர்க்கரை 250 கிராம், கோகோத் தூள் 50 கிராம், சிறிது ஏலப்பொடி ஆகியவற்றை ஒன்றாகச் சலிக்கவும். 150 கிராம் நெய்யை உருக்கிச் சிறிது சிறிதாக ஊற்றிப் பிசையவும். பொட்டுக்கடலை முன்பே வறுபட்டது. அதற்குப் பதிலாகப் பச்சை மாவைச் சேர்ப்பது உடல்நலத்திற்குத் தீங்காகும். தண்ணீரோ பாலோ ஒரு துளியும் கூடாது. 15 கிராம் மாவை உள்ளங்கையில் குழித்து, பூரணக் குண்டை நடுவில் வைத்து மூடி, விரிசலின்றி உருட்டுக. விரிசல் இருப்பின் அவ்வழியே பூரணம் கசியும். கைகள் கழுவித் துடைத்து உலர்ந்திருக்கவேண்டும். இவ்வளவில் 20 கிராம் எடையுள்ள 50 உருண்டைகள் கிடைக்கும்.

விற்பனைக்கு முன்

முதலில் ஓர் ஈடு மட்டும் செய்து, காற்றுப்புகாத டப்பாவில் வைத்து, மூன்றாம், ஐந்தாம், ஏழாம் நாட்களில் ஒவ்வோர் உருண்டையைப் பிளந்து பார்க்கவும். பூரணத்தைச் சுற்றி மாவு நனைந்திருந்தால், அது இன்னும் வற்றவேண்டும் என்பது பொருள். இச்சோதனையில் தேறாத பண்டத்தைக் கடைக்கு அனுப்பினால் கெடுவது ஓர் ஈடு மட்டுமன்று, சங்கத்தின் பெயருமாகும்.

விற்கத் தொடங்குமுன் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவு பெறுவது கட்டாயம். பழம், சர்க்கரை, நெய், விறகு அல்லது எரிவாயு, டப்பா ஆகியவற்றோடு உழைப்பவரின் கூலியையும் கணக்கிட்டே விலை குறிக்கவேண்டும். வீட்டுப் பெண்களின் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் இலாபம் காட்டுவது மெய்யான இலாபமன்று.

தராசு, எவர்சில்வர் பாத்திரங்கள், சல்லடை ஆகியவற்றைச் சங்கம் பொதுவில் வாங்கி வைத்தால், தனியொருவர் முதலிடவேண்டிய சுமை குறையும். பழம் மலிந்த வாரத்தில் கூடையின் அடியில் தங்குவதை எவரும் தனியே சுமந்து சென்று விற்க இயலாது. பல கூடைகளின் அடி ஒன்றுசேர்ந்தால் அதுவே ஒரு தொழிலுக்குப் போதுமான சரக்காகும். அங்கத்தினர்கள் இதனை ஒருமுறை செய்து பார்த்து, கண்ட பலனை அடுத்த கூட்டத்தில் எடுத்துரைப்பார்களாக.