தையல் பிரித்த பிறகும் ஓடும் கணக்கு

வாய்ப்புற்றுக்கு அறுவை முடிந்து, கழுத்துத் தையலும் பிரித்துவிட்டால் வீட்டில் ஒரு நிம்மதி வந்துவிடும். “கட்டியத்தான் எடுத்தாச்சே, உடம்பு கொஞ்சம் தேறட்டும், அப்புறம் கரண்ட் வச்சுக்கலாம்” என்பார்கள் பெரியவர்கள். உடம்பு தேறும்தான். உள்ளே மிச்சமிருக்கும் புற்றுச் செல்களும் அதற்குள் தேறிக்கொள்ளும்.

கரண்ட் என்று அவர்கள் சொல்லும் கதிர்வீச்சு தேவைப்படுகிறவர்களுக்கு, அறுவை நடந்த நாளிலிருந்து 6 வாரத்துக்குள் அது தொடங்கிவிட வேண்டும். இது மருத்துவ உலகம் பொதுவாக ஏற்றுக்கொண்ட கெடு.

எல்லோருக்கும் தேவைப்படாது. தேவையா என்று சொல்வது, வெட்டியெடுத்த சதையின் பரிசோதனை ரிப்போர்ட். கட்டி பெரிதாக இருந்தாலோ, தாடை எலும்புக்குள் போயிருந்தாலோ, கழுத்து நெறிக்கட்டிகளில் புற்று தெரிந்தாலோ, நரம்பை ஒட்டிப் பரவியிருந்தாலோ கதிர்வீச்சுப் பேச்சு வரும். வெட்டிய விளிம்புக்கும் புற்றுக்கும் இடையில் 5 மில்லிமீட்டர் கூட இல்லையென்றாலும் அப்படித்தான். விளிம்பிலேயே புற்று இருந்தால், அல்லது நெறிக்கட்டியின் உறையைக் கிழித்து வெளியே வந்திருந்தால், கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் சேரும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்து 2004-ல் வெளியான இரண்டு ஆய்வுகளுக்குப் பிறகு நிலைபெற்ற நடைமுறை இது. இத்தனை முக்கியமான தாள், பல வீடுகளில் மஞ்சப்பைக்குள் அடுத்த செக்கப் வரை மடங்கிக் கிடக்கிறது.

6 வாரம் என்றால் 42 நாள். ரிப்போர்ட் வரவே ஒன்றிரண்டு வாரம் போய்விடும். அறுவை ஓர் ஆஸ்பத்திரியிலும் கதிர்வீச்சு வேறோர் ஆஸ்பத்திரியிலும் என்றால் ஃபைல் கைமாற இன்னும் சில நாள். அங்கே மெஷினுக்கு வரிசை வேறு.

இதற்கு நடுவில் பல் என்று ஒன்று இருக்கிறது; பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். கதிர்பட்ட தாடை எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்துவிடும். பிற்பாடு அந்த இடத்தில் சொத்தைப் பல்லைப் பிடுங்கினால் குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம், சிகிச்சை முடிந்து பல வருடம் ஆன பின்பும். அதனால் காப்பாற்ற முடியாத பல்லை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும்; குழி ஆற 10 முதல் 14 நாள் விடவேண்டும். அறுவை மேசையிலேயே, அதே மயக்கத்தில் எடுத்துவிட்டால் அந்த நாட்கள் மிச்சம். அதற்குப் பல் டாக்டரை அறுவைக்கு முன்பே பார்த்திருக்க வேண்டும்.

அடுத்தது முகமூடி. வெந்நீரில் இளக்கிய வலைபோன்ற பிளாஸ்டிக் தகட்டை முகத்தில் அழுத்தி அச்செடுப்பார்கள். தலையும் தோளும் அசையாமல் இருக்க அதை மேசையோடு பூட்டி, ஸ்கேன் எடுத்து, எந்த இடத்துக்கு எவ்வளவு கதிர் என்று கணக்கிடுவார்கள். வழக்கமான அளவு 60 கிரே, 30 அமர்வுகள். ஆபத்து கூடுதலான இடத்துக்கு 66 கிரே, 33 அமர்வுகள். வாரத்துக்கு ஐந்து நாள். பாதியில் வாய் வெந்து, சாப்பாடு இறங்காமல் எடை குறைந்தால் முகமூடி தொளதொளக்கும், கணக்கை மறுபடி போட வேண்டி வரும். மூக்கு வழியாக டியூப் போடுவது அவமானமில்லை. “ரெண்டு நாள் லீவு விட்டுட்டு வரேன்” என்பதுதான் ஆபத்து. இடைவெளி நீள நீளப் புற்று திரும்பும் வாய்ப்பு கூடும். இந்த நாட்களிலும் பீடியை விடாதவருக்குக் கதிரின் பலன் குறையும்.

அறுவைக்குத் தேதி வாங்கும் அன்றே டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: ரிப்போர்ட் என்றைக்குக் கிடைக்கும், கதிர்வீச்சு எங்கே, அங்கே இப்போதே பெயர் பதிய முடியுமா?