டிவியில் உங்கள் பெயர், தயாரிப்பது வேறு ஆலை: பொறுப்பு யாருக்கு? பிஐஎஸ், இ-வேஸ்ட் விதிகள் சொல்வது என்ன?

ஒரு சின்ன உதாரணம். சென்னையில் இரண்டு நண்பர்கள் சேர்ந்து புதிதாக ஒரு டிவி பிராண்ட் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சொந்த ஆலை கிடையாது. நொய்டாவில் உள்ள ஒரு ஆலை டிவியைத் தயாரித்து, இவர்களின் பெயரை ஒட்டி அனுப்பும். விற்பனை முழுக்க ஆன்லைனில். "ஆலைக்காரங்ககிட்ட பிஐஎஸ் இருக்கு, நமக்கு அது போதும்" என்று நினைத்து ஆர்டரும் கொடுத்துவிடுகிறார்கள்.

சிக்கலே இங்கேதான் தொடங்குகிறது. ஒரு மின்னணுப் பொருளை இந்தியாவில் விற்க, குறைந்தது இரண்டு கதவுகளைத் தட்ட வேண்டும். இரண்டும் கேட்கும் கேள்விகள் வேறு. பதில் சொல்ல வேண்டிய ஆளும் வேறு.

முதல் கதவு: பிஐஎஸ்

இந்திய தர நிர்ணய அமைவனம், அதாவது பிஐஎஸ், கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பொருள் பாதுகாப்பானதா? ஷாக் அடிக்குமா, தீப்பிடிக்குமா என்பதெல்லாம் இதில் அடங்கும். 2012-ல் மத்திய அரசு தொடங்கிய கட்டாயப் பதிவு முறையின்படி டிவி, லேப்டாப், மொபைல், சார்ஜர், எல்இடி பல்பு எனப் பல பொருட்களை பிஐஎஸ் பதிவு இல்லாமல் விற்கவோ இறக்குமதி செய்யவோ முடியாது.

மாதிரியை பிஐஎஸ் அங்கீகரித்த ஆய்வகத்தில் சோதித்து, அந்த அறிக்கையுடன் ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். ஒப்புதல் கிடைத்தால் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண் வரும்.

கவனிக்க வேண்டிய விஷயம், இந்தப் பதிவு தரப்படுவது பொருளைத் தயாரிக்கும் ஆலைக்கு. அதுவும் குறிப்பிட்ட முகவரி, குறிப்பிட்ட பிராண்ட், குறிப்பிட்ட மாடல்களுக்கு மட்டும். ஆலையிடம் ஏற்கெனவே பதிவு இருந்தாலும், நம் நண்பர்களின் பிராண்ட் பெயர் அதில் சேர்க்கப்படாவிட்டால் பலனில்லை. நாளைக்கே வேறு ஆலைக்கு மாறினால், அந்த ஆலைக்குத் தனிப் பதிவு வேண்டும். தயாரிக்கும் ஆலை வெளிநாட்டில் இருந்தால், இந்தியாவில் ஓர் அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதியை நியமிக்க வேண்டும்.

இரண்டாவது கதவு: இ-வேஸ்ட்

2022-ம் ஆண்டின் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. இங்கே கேள்வி வேறு: இந்த டிவி பழசாகி, தூக்கிப்போடும் நிலைக்கு வரும்போது பொறுப்பேற்பது யார்?

விதி சொல்லும் பதில்: ஆலை அல்ல, பிராண்டின் சொந்தக்காரர். வேறொருவர் தயாரித்ததைத் தன் பெயரில் விற்பவரும், இறக்குமதி செய்து விற்பவரும் விதியின் பார்வையில் 'உற்பத்தியாளர்'தான். அவர்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். குறுந்தொழில் நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இதைத்தான் 'இபிஆர்' என்கிறார்கள். விற்றதோடு கடமை முடியவில்லை என்பதே அதன் சாரம்.

டிவிக்குள் என்ன இருக்கலாம் என்பதற்கும் இதே விதிகளில் வரம்பு உண்டு. ஈயம், பாதரசம் போன்றவை 0.1 சதவீதத்தையும், காட்மியம் 0.01 சதவீதத்தையும் தாண்டக் கூடாது.

எவ்வளவு மறுசுழற்சி செய்யணும்?

ஒவ்வொரு பொருளுக்கும் சராசரி ஆயுட்காலம் நிர்ணயிக்கப்பட்டுள்ளது. அத்தனை ஆண்டுகளுக்கு முன் விற்ற எடையில் ஒரு பங்கை இப்போது மறுசுழற்சி செய்ய வேண்டும். 2023-24, 2024-25-ல் அந்தப் பங்கு 60 சதவீதம். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 70. 2027-28 முதல் 80.

புது நிறுவனத்துக்குப் பழைய விற்பனையே இல்லையே? அதற்கும் கணக்கு உண்டு. 2025-26 முதல், இரண்டு ஆண்டுகளுக்கு முன் விற்றதில் 20 சதவீதம். அந்த ஆண்டில் 50 டன் எடையுள்ள டிவிக்கள் விற்றிருந்தால், இலக்கு 10 டன்.

இதற்காக நிறுவனமே குப்பை சேகரிக்க வேண்டியதில்லை. பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைகள், பிரித்தெடுத்த உலோகத்தின் அடிப்படையில் உருவாக்கும் சான்றிதழ்களை வாங்கினால் போதும். நுகர்வோர் மின்னணுப் பொருட்களுக்கு இதன் குறைந்தபட்ச விலையாக கிலோவுக்கு ரூ.22 என 2024-ல் நிர்ணயிக்கப்பட்டது. இதை எதிர்த்துப் பெரிய நிறுவனங்கள் சில டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயுள்ளன.

கன்சல்டன்ட் பார்த்துக்கொள்வாரா?

இத்தனை வேலையையும் செய்து தர ஆலோசனை நிறுவனங்கள் இருக்கின்றன. எந்தத் தர விதி பொருந்தும் என்று சொல்வது, ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புவது, விண்ணப்பம் நிரப்புவது, கணக்குத் தாக்கல் செய்வது, சான்றிதழ் வாங்கித் தருவது என எல்லாம் செய்வார்கள். சிறு நிறுவனங்களுக்கு இது பெரிய உதவிதான்.

ஆனால் வேலையைத்தான் ஒப்படைக்க முடியும், பொறுப்பை அல்ல. வாங்கிய சான்றிதழ் போலி என்று தெரியவந்தால், இலக்கு அப்படியே நிற்கும். இது வெறும் கற்பனை அல்ல. பிளாஸ்டிக் கழிவுக்கும் இதேபோன்ற சான்றிதழ் முறை உண்டு. அதில் லட்சக்கணக்கான போலிச் சான்றிதழ்கள் உருவாக்கப்பட்டதை 2023-ல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே கண்டுபிடித்தது.

எனவே கன்சல்டன்டிடம் கேட்க வேண்டியவை:

* பிஐஎஸ் பதிவில் நம் பிராண்டும் மாடலும் இருக்கிறதா?
* போர்ட்டல் லாகின் நம் பெயரில், நம் கையில் இருக்கிறதா?
* சான்றிதழ் தரும் மறுசுழற்சி ஆலை எது? நேரில் பார்க்க முடியுமா?
* விற்பனைக் கணக்கும் தாக்கல் செய்த எடையும் ஒத்துப்போகிறதா?

மீறினால் என்ன ஆகும்?

பிஐஎஸ் சட்டம் 2016-ன்படி, கட்டாய முத்திரை இல்லாமல் விற்றால் முதல் முறை குறைந்தது ரூ.2 லட்சம் அபராதம், அடுத்தடுத்த முறை குறைந்தது ரூ.5 லட்சம். பொருளின் மதிப்பைப் போல 10 மடங்கு வரை போகலாம். சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. 2025 மார்ச்சில் திருவள்ளூர் மாவட்டத்தில் ஆன்லைன் நிறுவனங்களின் கிடங்குகளில் பிஐஎஸ் அதிகாரிகள் சோதனை நடத்தி, முத்திரை இல்லாத பொருட்களைப் பறிமுதல் செய்தார்கள்.

இ-வேஸ்ட் இலக்கைத் தவறவிட்டால் சுற்றுச்சூழல் இழப்பீடு கட்ட வேண்டும். கட்டிவிட்டால் இலக்கு தள்ளுபடி ஆகாது, அடுத்த 3 ஆண்டுகள் வரை கூடவே வரும். முதல் ஆண்டுக்குள் முடித்தால் கட்டியதில் 85 சதவீதம் திரும்பக் கிடைக்கும். இரண்டாம் ஆண்டு என்றால் 60, மூன்றாம் ஆண்டு என்றால் 30.

நமக்கு இதில் என்ன?

2022-ல் மட்டும் உலகம் முழுக்க 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவானது என்கிறது ஐ.நா.வின் அறிக்கை. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதற்குப் பதிவு இருப்பது 22.3 சதவீதத்துக்குத்தான். மீதியில் ஒரு பகுதி டெல்லி சீலம்பூர் போன்ற இடங்களில், கையுறைகூட இல்லாமல் பலகையை உடைத்து, வயரை எரித்து வேலை செய்பவர்களிடம் போகிறது. போலிச் சான்றிதழின் உண்மையான விலையைக் கொடுப்பது அவர்களின் நுரையீரல்.

அடுத்த முறை டிவியோ சார்ஜரோ வாங்கும்போது, அதில் உள்ள 'ஆர்' எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டுப் பாருங்கள். பிராண்டும் மாடலும் பொருந்தாவிட்டால், அதே செயலியிலேயே புகார் கொடுக்கலாம்.