மருவுக்கு 6, 11. புற்றுக்கு 16, 18

கைவிரலில் வந்தால் பாலுண்ணி என்று நாலு பேரிடம் காட்டி வைத்தியம் கேட்போம். அம்மான் பச்சரிசிப் பாலைத் தொட்டு வை, குதிரை முடியைக் கட்டு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அதே மாதிரி மரு பிறப்புறுப்பிலோ ஆசனவாயைச் சுற்றியோ வந்துவிட்டால் வாயே அடைத்துப்போகிறது. மாதக்கணக்கில் மறைத்து, ராத்திரியில் செல்போனில் தேடி, ‘எச்.பி.வி.’ என்பதற்குப் பக்கத்திலேயே ‘புற்றுநோய்’ என்று கிடப்பதைப் பார்த்து நடுங்கிப்போகிறவர்கள் பலர். அந்தப் பயத்தில் பெரும்பகுதி தேவையில்லாதது.

எச்.பி.வி. என்பது ஒற்றைக் கிருமி அல்ல, பெரிய குடும்பம். இதுவரை 200-க்கும் மேற்பட்ட வகைகள் தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கை, கால் மருவுக்கு 1, 2, 4 போன்றவை காரணம். பிறப்புறுப்புப் பகுதியில் தொற்றுபவை சுமார் 40. ஆனால் அங்கே வரும் மருக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு 6, 11 என்ற இரண்டு வகைகளால்தான் வருகின்றன. இரண்டிலும் 6-தான் கூடுதல். கருப்பைவாய்ப் புற்றுநோய்க் கணக்கு வேறு. அதில் சுமார் 70 விழுக்காட்டுக்குக் காரணம் 16, 18.

ஒரே குடும்பத்தில் பிறந்து ஏன் இப்படி வேறுபடுகின்றன? நம் செல்கள் கண்டபடி பெருகாமல் பார்த்துக்கொள்ளக் காவல் புரதங்கள் உண்டு. 16-ம் 18-ம் தயாரிக்கும் புரதங்கள் அந்தக் காவலை இறுகப் பிடித்து அழித்துவிடுகின்றன. 6, 11 வகைகளின் பிடி தளர்வானது. தோல் தடித்துக் காலிஃபிளவர் பூப்போலக் கிளம்பும். அதற்கு மேல் போவது மிக அரிது.

இந்த உண்மை தெரிய வந்த கதையும் சுவையானது. 1980-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஹரால்ட் சூர் ஹாவுசன் குழுவினர் பிறப்புறுப்பு மருவிலிருந்து 6-ஆம் வகையைப் பிரித்தார்கள். அதை வைத்துக் குரல்வளை மருவில் 11-ஐக் கண்டார்கள். அந்தத் தடயத்தோடு புற்றுத் திசுக்களில் தேடியபோது 1983-இல் 16, அடுத்த ஆண்டு 18 அகப்பட்டன. மருவைப் பின்தொடர்ந்து போய்த்தான் புற்றுநோய்க் கிருமியைப் பிடித்தார்கள். சூர் ஹாவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஒருவருக்கு ஒரே வகைதான் தொற்றும் என்று சட்டமில்லை. மருவில் 6 இருக்கும்போதே கூடவே 16-ம் இருக்கலாம். இருந்தாலும் மரு வந்த பெண்ணுக்குப் புற்று வந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். அதற்காக, 30 வயதுக்கு மேல் எல்லாப் பெண்களும் செய்துகொள்ள வேண்டிய கருப்பைவாய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். அதில் செய்யும் எச்.பி.வி. சோதனை புற்று உண்டாக்கும் வகைகளைத்தான் தேடும். 6-ஐயும் 11-ஐயும் அது பார்ப்பதே இல்லை.

“யாரிடமிருந்து வந்தது?” என்ற கேள்வி பல வீடுகளைக் கலைத்திருக்கிறது. தொற்றிய இரண்டு மூன்று மாதத்தில் மரு தோன்றுவது வழக்கம். ஆனால் வருடக்கணக்கில் ஓசையின்றிக் கிடந்து பிறகு தலைகாட்டுவதும் உண்டு. இன்று வந்த மருவை வைத்து நேற்றைய துரோகம் என்று முடிவுகட்ட முடியாது. கணவன் மனைவி இருவரும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சிகிச்சைக்கு எண் தெரிய வேண்டியதில்லை. கண்ணால் பார்த்தே டாக்டர் சொல்லிவிடுவார். சுற்றியுள்ள தோலில் வாசலின் தடவிவிட்டு, பஞ்சு சுற்றிய குச்சியால் அமிலத்தை மருவின் மேல் மட்டும் தொட்டு வைப்பார். சில நொடிகளில் மரு சுண்ணாம்பு பூசியதுபோல வெளுக்கும், சுருக்கென்று எரியும். சில வாரங்கள் இப்படித் தொடர வேண்டியிருக்கும். உறைய வைப்பது, சுட்டு எடுப்பது, வீட்டில் தடவும் களிம்பு என்று வேறு வழிகளும் உண்டு. போன மரு திரும்பி வரலாம், மனம் தளர வேண்டாம். கர்ப்பிணிகள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், சில மருந்துகள் அவர்களுக்கு ஆகாது. கைவைத்தியச் சுண்ணாம்பையும் செடிப்பாலையும் அந்த மென்மையான தோலில் வைத்துப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள்.

தடுப்பூசியின் பலனுக்கு ஆஸ்திரேலியா சாட்சி. 6, 11, 16, 18 நான்கையும் தடுக்கும் ஊசியை 2007-இல் பெண்பிள்ளைகளுக்குப் போடத் தொடங்கினார்கள். பாலியல் நல மருத்துவமனைகளுக்கு முதன்முறை வந்த, அந்நாட்டில் பிறந்த 21 வயதுக்குட்பட்ட பெண்களில் மரு இருந்தவர்கள் அந்த ஆண்டு 11.5 விழுக்காடு; 2011-இல் 0.85. ஊசி போடாத இளைஞர்களிடமும் மரு குறைந்தது. இந்தியாவில் தயாராகும் செர்வாவாக்கும் இதே நான்கு வகைகளுக்கானது. 16, 18 மட்டும் உள்ள தடுப்பூசி மருவுக்கென்று வந்ததல்ல. அதனால் பிள்ளைக்கு ஊசி போடும்போது எத்தனை வகை என்று கேளுங்கள். ஏற்கெனவே வந்த மருவை எந்த ஊசியும் குணமாக்காது.

மரு மாதிரித் தெரிவதெல்லாம் மருவும் அல்ல. மேகநோய் எனப்படும் சிபிலிசும் அதே இடத்தில் ஈரமான தடிப்பாக வரும். ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும், பென்சிலின் ஊசியில் குணமாகும். அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது. கூச்சப்படாமல் போய்க் காட்டுங்கள். துணையையும் அழைத்துப் போங்கள்.